ஒரு சொல்லுக்கு இரண்டாவது பொருள்

நியூஜெர்சியில் யாரும் தன் காருக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. சட்டம் அப்படி. குழாயைப் பிடிப்பதற்கென்று ஓர் ஆள் நிற்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் சில காலம் அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலை ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். ரிச்சர்ட்சனில் கம்பெனி கம்பெனியாக மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கும் முன்னால் சரக்குக் கப்பலில் சமையல் கட்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இப்போது நினைவில்லை. குளிர்காலத்தில் குழாயின் கைப்பிடி விரலைக் கடிக்கும். கையுறை போட்டால் கிரெடிட் கார்டைப் பிடிக்க முடியாது. மற்றபடி மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன்.

பனி விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் சின்ன நீலக் கார் ஒன்று உள்ளே வந்தது. பம்புக்கு வராமல் நேராகப் போய், டயருக்குக் காற்றடிக்கும் எந்திரத்தின் மேல் மெதுவாக மோதி நின்றது. உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கம் திரும்பணும்னா வலது பக்கம் போகச் சொல்றாங்க. இது என்ன ஊர்?" என்றார்.

இந்த மாநிலத்துப் பெரிய சாலைகள் பலவற்றில் அப்படித்தான். இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் பிரியும் கிளையில் போய், கூஜாவின் கைப்பிடி மாதிரி வளைந்து, போன சாலையையே குறுக்கே கடக்க வேண்டும். அவர் அயர்லாந்திலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் வண்டி ஓடும்.

"எங்க ஊர்லயும் இடது பக்கம்தான் மேடம். பழகிடும்" என்றேன்.

"உங்களுக்குப் பழகிடுச்சா?"

"பழகிடுச்சு."

"அப்ப நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். இல்லை. அடுத்த வாரத்திலிருந்து, பெட்ரோல் வேலை இல்லாத நாட்களில், நான் அவருக்கு டிரைவர்.

அவரும் மற்றவர்களும் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு அது தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று தெரிந்ததும் நான் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டேன். அதனால் வந்த தொல்லையை அவர்தான் பட்டார். எங்கள் வேலை முதியோர் இல்லங்களுக்குப் போவது. நான் வாசலில் "டாக்டர் வந்திருக்காங்க" என்பேன். கிழவர்கள் கால்சட்டையைச் சுருட்டி முட்டியைக் காட்டுவார்கள். "நான் வார்த்தைக்கு டாக்டர், வாதத்துக்கு இல்ல" என்று அவர் ஒவ்வொருவராகச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

வார்த்தைக்கு டாக்டர் என்பது சரிதான். ஐரிஷ் என்று ஒரு மொழி இருக்கிறது என்பதே எனக்கு அவரைப் பார்த்த பிறகுதான் தெரியும். அயர்லாந்துக்காரர்களும் ஆங்கிலம்தான் பேசுகிறவர்கள், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள் என்று இருந்தேன். அது வேறு மொழி. இளம் வயதில் கப்பலேறி இங்கே வீட்டு வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்த சில கிழவர்களின் வாயில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்களைத் தேடிப் பிடித்து, பேசவைத்து, கேசட்டில் பதிய வேண்டும். டாக்டருக்கு அதற்கென்று ஒரு வருட உதவித்தொகை கொடுத்து வரவழைத்தது இங்கிருந்த ஓர் ஐரிஷ் ஆய்வுச் சங்கம்.

சங்கம் என்றதும் நான் மாலையும் மைக்கும் எதிர்பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கடை ஒன்றின் மாடியில் ஒரே ஓர் அறை. சுவர் முழுக்கப் புத்தகம். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டம். தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. பொருளாளர், தீயணைப்பு நிலையத்தில் ஏணி வண்டி ஓட்டியவர். மீதிப்பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒரு பாதிரியார், ஒரு பல் டாக்டர். வருடத்துக்கு ஒரு மலர் அச்சடிப்பார்கள். இங்கே வந்து செத்துப்போன ஐரிஷ்காரர்களின் கல்லறைகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எழுத்தைப் படித்து எழுதி வைப்பார்கள். படிக்க வருகிறவர்களுக்குச் சந்தாப் பணத்திலிருந்து உதவுவார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போகப் பார்த்தேன். ஏணி வண்டிக்காரர், "எங்க போறீங்க, உக்காருங்க" என்று கையில் டீயைத் திணித்தார். பால் விட்ட டீ. அமெரிக்காவில் நான் கேட்காமலே எனக்குப் பால் விட்ட டீ கொடுத்த முதல் இடம் அது.

அன்று அவர்கள் ஒரு கல்லறையின் புகைப்படத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கால்வாய் வெட்ட வந்தவன் ஒருவனின் கல். ஊர்ப் பெயரின் முதல் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. பாதிரியார் ஓர் எழுத்து என்றார். ஏணி வண்டிக்காரர் வேறெழுத்து என்றார். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. பல் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அசையவே இல்லை. டீ ஆறிப்போய், மறுபடி போட்டு, அதுவும் ஆறியது. கடைசியில் நீதிபதி, "தெரியவில்லை என்று எழுதுங்கள்" என்றார். எல்லாரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

காரில் டாக்டரிடம் கேட்டேன்: "ஏதோ ஒண்ண எழுதிட்டுப் போக வேண்டியதுதான? யார் வந்து கேட்கப் போறா?"

"யாரும் கேட்க மாட்டாங்க. அதனாலதான்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு உடனே பிடிபடவில்லை. கூஜாக் கைப்பிடி ஒன்றைச் சுற்றி வரும்போது கொஞ்சம் பிடிபட்டது.

டாக்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதிவு முடிந்ததும் ரிக்கார்டரை அணைக்காமல், தன் குரலில் மூன்று சொல்வார். காதால் கேட்டது இது. நினைப்பது இது. தெரியாதது இது. சங்கத்தின் விதி அது. ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. "தெரியாதது" என்பதை அவர் சொல்லும்போது குரலில் வெட்கம் இருக்காது. எங்கள் வகுப்பில் தெரியாது என்று சொன்னவன் பெஞ்ச் மேல் ஏறி நின்றான். நான் அதிகம் நின்றவன் என்பதால் கவனித்தேன்.

அப்போது நான் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்டின் ஹாலில் படுத்துக்கொண்டிருந்தேன். மூன்று சாஃப்ட்வேர் பையன்கள் எடுத்திருந்த வீடு. நான் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு செய்வேன், அவர்கள் எனக்கு ஹாலில் மெத்தை போட இடம் கொடுத்தார்கள். அதில் ஈரோட்டுப் பையன் ஒருவன் இரண்டு கேசட் போடும் பெரிய செட் வைத்திருந்தான். டாக்டரின் கேசட்டுகளுக்கு அவன்தான் காப்பி எடுத்துக் கொடுப்பான். எடுக்கும்போதெல்லாம் வாயும் சும்மா இருக்காது.

"ஏனுங்ண்ணா, இந்தப் பாட்டிக பேசறத ரெக்கார்ட் பண்ணி என்னுங் பண்ணப் போறாங்க? யாரு யூஸ் பண்ணுவா?"

"தெரியலப்பா."

"ஃபண்டிங் குடுக்கறவன் கேக்க மாட்டானா? எங்க கிளையன்ட்டு டெய்லி ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கேக்கறான். இவங்களுக்கு டெட்லைனே இல்லீங்ளா?"

"பேசறவங்க சாகறதுதான் டெட்லைன்" என்றேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். "சாம்பார்ல உப்பு பத்தலீங்ண்ணா" என்றான் பையன்.

வசந்தத்தில் ஒரு கூட்டத்துக்குப் புது ஆள் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி. அகலமான தோள், ஆண்கள் போடும் மழைக்கோட்டு. டர்ன்பைக் சாலையில் சுங்கச் சாவடியில் உட்கார்ந்து சில்லறை வாங்கி ஓய்வுபெற்றவர். யாரும் கேட்பதற்குள் அவரே எழுந்து சொல்லிவிட்டார்.

"எங்கம்மா முதியோர் இல்லத்துல இருக்காங்க. மூளையில அடைப்பு வந்துச்சு. எழுந்தப்போ இங்கிலீஷ் போயிருச்சு. ஏதோ பேசறாங்க. நர்ஸுங்க உளறல்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்கம்மா உளற மாட்டாங்க. அது ஐரிஷா இருக்கும்னு நினைக்கிறேன். எங்க காதுபட ஒரு நாளும் பேசினதில்ல. பிள்ளைங்க அமெரிக்காக்காரங்களா வளரணும்னு முழுங்கி வெச்சிருந்தாங்க போல. இப்ப என்னைப் பார்த்து என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"இல்லத்துல சேர்க்க மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். திட்டறாங்கன்னாலும் பரவாயில்ல. என்னன்னு தெரியணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சின்ன உருவம். பல் இல்லை, கண் மட்டும் நல்ல நீலம். மடியில் ரொட்டித் துண்டு ஒன்று. டாக்டர் குனிந்து ஐரிஷில் ஏதோ சொன்னார். கிழவி உடனே, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போலப் பேச ஆரம்பித்தாள். மகள் சுவரில் சாய்ந்துவிட்டார். உளறல் இல்லை என்பது மட்டும் அந்த நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

டாக்டர் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். கதவைச் சாத்து, மழை வருது. வாளியை யார் எடுத்தா. படகு இன்னும் திரும்பலையா.

"என்னைப் பத்தி?" என்றார் மகள்.

"இன்னும் இல்ல."

அப்போது மகள் கட்டிலுக்கு அருகே வந்தார். கிழவி அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். குரல் மாறியது. மெல்லிய, மேலே ஏறுகிற குரலில், "த்யுக்... த்யுக் த்யுக் த்யுக்" என்றாள்.

எனக்கு அது தமிழாகவே விழுந்தது. தூக்கு, தூக்கு என்கிறாள். தலையணையிலிருந்து சரிந்து கிடந்தாள் வேறு. நான் சட்டென்று போய் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கி உட்கார வைத்தேன். ரொட்டி கீழே விழுந்தது. கிழவி என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

"என்ன செய்யறீங்க?" என்றார் டாக்டர்.

"தூக்கச் சொன்னாங்க."

"எந்த மொழியில?"

"எங்க மொழியில."

மகள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "எங்கம்மா இந்தியாவும் பேசுறாங்களா!" கிழவி சிரிக்கவில்லை. விழுந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிப் பெண் வந்து கூட்டிக்கொண்டே, "தினமும் இதே வேலை. குடுக்கற ரொட்டிய திங்கறதில்ல. பிச்சுப் பிச்சுத் தரையில போடறது" என்று முணுமுணுத்தாள்.

டாக்டர் ரிக்கார்டரை வாயருகே கொண்டுவந்தார். கேட்டது: த்யுக். மகளைப் பார்க்கும்போது மட்டும். நினைப்பது: எதுவும் இல்லை. தெரியாதது: அதன் பொருள்.

அவருக்கே தெரியவில்லை என்பது எனக்கு அதிர்ச்சி. டப்ளின் நகரத்தில் பிறந்து, பள்ளியிலும் புத்தகத்திலும் ஐரிஷ் படித்தவர் அவர். கிழவி மேற்குக் கடலில் ஒரு தீவுக்காரி. அங்கே வீட்டுக்குள் புழங்கிய சொல் எல்லாம் அகராதிக்கு வந்து சேரவில்லை என்றார்.

கேசட்டை அடுத்த கூட்டத்தில் போட்டார்கள். மகளும் வந்திருந்தார். மூன்றாவது முறை கேட்டதும் ஏணி வண்டிக்காரர் மேசையைத் தட்டினார்.

"திக்! ஐரிஷ்ல அதுக்கு 'புரிஞ்சுக்கோ'ன்னு அர்த்தம். பல் இல்லாத வாயி, உயிரெழுத்து வழுக்கிட்டுப் போகுது. 'புரிஞ்சுக்கோ, புரிஞ்சுக்கோ'ங்கிறாங்க."

மகள் மழைக்கோட்டின் கைப்பகுதியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் எதிர்பார்த்திருந்த எதையும்விட நல்ல சொல் அது. அதைச் சொன்ன பிறகு வேறெதுவும் வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

டாக்டர் மட்டும் ரிக்கார்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தத் 'த' எழுத்தோட ஒலி மெல்லிசா இருக்கு. 'திக்'ல அது தடிப்பா இருக்கணும். பல்லு போனா உயிரெழுத்து வழுக்கலாம், இது வழுக்குமா?" என்றார். பல் டாக்டர் யோசித்து, வழுக்காது என்றார்.

"அப்ப அது இல்லைங்கறீங்களா?" மகளின் குரலில் சண்டை இருந்தது.

"இல்லைன்னும் சொல்லல. 'நினைப்பது'ல வைக்கிறேன். 'கேட்டது'ல வைக்க முடியாது."

"எனக்கு எதுல வெச்சா என்ன? நான் இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கணும்."

நீதிபதி எழுந்து மகளின் கோட்டை எடுத்துக் கொடுத்தார். "தூங்குங்கம்மா. நாங்க தேடறோம்" என்றார். கேசட்டின் காப்பி ஒன்றை அந்தத் தீவுக்கே அனுப்புவதென்று அன்றே முடிவானது. ஒரே ஒரு சொல்லுக்காக, கடல் கடந்து. அதை யாரும் பெரிய விஷயமாகப் பேசவில்லை. தபால் செலவுக்கு இரண்டு பேர் ஒரே சமயத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டார்கள்.

ஈரோட்டுப் பையன் காப்பி எடுக்கும்போது சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டான். "பாவம், அந்தப் பாட்டி என்னமோ கேக்குதுங்ண்ணா" என்றான். அன்று கிண்டல் செய்யவில்லை.

பதில் கேசட்டாகவே வந்தது, வெயில் காலம் தொடங்கிவிட்ட பிறகு. டாக்டருக்கு அறை வரைக்கும் பொறுமை இல்லை. தபால் நிலைய வாசலிலேயே காரில் போட்டோம். முதலில் ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லியது. பிறகு யாரோ ஒரு கிழவியின் சிரிப்பு, நெடுநேரம். கதவு திறக்கும் சத்தம். காற்று. அந்தக் காற்றுக்குள் அந்தக் கிழவியின் குரல், அதே மாதிரி மெல்லியதாக மேலே ஏறியது: "த்யுக்... த்யுக் த்யுக் த்யுக்."

ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் படபடவென்று இறக்கைச் சத்தம். கொக்கரிப்பு. நாலா பக்கத்திலிருந்தும் கோழிகள் ஓடிவந்து கிழவியின் காலைச் சுற்றிக் கொத்துகிற சத்தம்.

டாக்டர் ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். 'த' தடிப்பா மெல்லிசா என்று ஒரு சங்கமே மண்டையை உடைத்துக்கொண்டதை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றது.

"சொல்லாதீங்க டாக்டர். 'புரிஞ்சுக்கோ'ன்னே இருக்கட்டும்" என்றேன்.

அவர் கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

"எங்க ஊர்ல ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. இங்க ஒரே ஒரு பொய். அதுவும் நீங்க சொன்னதில்ல, ஏணி வண்டிக்காரர் சொன்னது. அவங்க பாட்டுக்குத் தூங்கட்டுமே."

"அந்தம்மா தன் பேச்சை முழுங்கிட்டே எழுபது வருஷம் வாழ்ந்திருக்காங்க" என்றார் டாக்டர். "இப்பதான் வெளிய வருது. வந்த ஒரே வார்த்தைய நான் மாத்திச் சொன்னா, மறுபடி முழுங்க வெச்ச மாதிரிதான? வண்டிய எடுங்க."

எடுத்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். ஒரு நல்ல மனுஷி இவ்வளவு இரக்கமில்லாமல் இருக்க முடியுமா என்று.

இல்லத்தில் வெயில் விழும் ஒரு கண்ணாடி அறை. கிழவி சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் மகளுக்குக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். கோழிகள் ஓடிவந்தன. மகள் முழுதும் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"ஆக, நான் ஒரு கோழி" என்றார்.

"கேட்டது, கோழியைக் கூப்பிடற சத்தம்" என்றார் டாக்டர். "நினைப்பது, அவங்க மனசுல இப்ப தீவு வீட்டு முற்றத்துல இருக்காங்க. தெரியாதது, உங்களைப் பார்த்து மட்டும் ஏன் சொல்றாங்கங்கிறது."

மகள் எழுந்து போய்விட்டார். கதவு ஆடிக்கொண்டிருந்தது. "போங்க, கூட இருங்க" என்றார் டாக்டர் என்னிடம். கேசட்டை வெளியே எடுக்க அவர் இரண்டு முறை தவறான பொத்தானை அமுக்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் மகள் சிகரெட் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். நான் காற்றுக்கு மறைத்து நின்றேன். பெட்ரோல் போடுகிறவனுக்கும் சுங்கம் வாங்குகிறவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு, பேசாமல் நிற்கத் தெரியும்.

பாதி சிகரெட்டில் அவர் கை நின்றது.

"நாங்க மூணாவது மாடியில இருந்தோம்" என்றார். "சாயங்காலம் பிள்ளைங்க எல்லாரும் தெருவுல. இருட்டினதும் ஒவ்வொரு வீட்டு ஜன்னல்லேருந்தும் அம்மாங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. எங்கம்மா பேர் சொல்ல மாட்டாங்க. ஜன்னல்ல நின்னு அந்தச் சத்தம். இதே சத்தம்! கட்டில்ல கேட்டப்போ பிடிபடல, வெட்டவெளியில கேட்டப்புறம்தான் வருது. நாங்க நாலு பேரும் ஓடணும். தெருவே சிரிக்கும். எனக்கு மானம் போகும். மறுபடி கூப்பிடறதுக்குள்ள மேல போயிடணும்னு நான்தான் எப்பவும் முதல்ல ஓடுவேன்."

சிகரெட்டைக் கீழே போட்டார்.

"அது ஒரு பாஷைன்னு எனக்குத் தெரியாது. வாயால பண்ற ஏதோ சத்தம்னு நினைச்சேன். ஐரிஷ் எங்க காதுல விழவே இல்லைன்னு உங்க சங்கத்துல சொன்னேனே. தினமும் விழுந்திருக்கு."

உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கிழவி விழித்திருந்தாள். உதவிப் பெண் வைத்துவிட்டுப் போன ரொட்டி மடியில் இருந்தது. மகளைப் பார்த்ததும் கிழவி விரலால் பிய்க்க ஆரம்பித்தாள். "த்யுக் த்யுக் த்யுக்."

மகள் நாற்காலி முன்னால் மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டினார். கிழவி அதில் ரொட்டித் துகளைப் போட்டாள். மகள் தின்றார். மறுபடி நீட்டினார். மறுபடி போட்டாள். மடியில் ரொட்டி தீரும் வரை அது நடந்தது. தரையில் ஒரு துகள் விழவில்லை.

டாக்டரின் ரிக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப இதைக் 'கேட்டது'ல வைப்பீங்களா?" என்றார்.

"தெருவுல கூப்பிட்டது, கேட்டது. அதுக்கு நீங்க சாட்சி" என்றார் டாக்டர். "இப்ப இந்த அறையில கூப்பிட்டது உங்களையா கோழியையாங்கிறது, நினைப்பது."

மகள் கோபப்படுவார் என்று பார்த்தேன். "சரி" என்று தலையாட்டினார். "நியாயம்தான்."

என் கோபமும் அங்கேயே போனது. 'புரிஞ்சுக்கோ' என்பதோடு விட்டிருந்தால் இந்த ரொட்டி தரைக்குத்தான் போயிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. சொல்லையும் அதன் இரண்டு பொருளையும் மலரில் ஏற்றலாமா? கோழியை அழைப்பது பற்றி யாருக்கும் மறுப்பில்லை. ஏணி வண்டிக்காரர்தான் முதலில் கை தூக்கி, தன் 'புரிஞ்சுக்கோ'வை வாபஸ் வாங்கினார். இரண்டாவது பொருளான பிள்ளைகளை அழைப்பதில்தான் நீதிபதி தயங்கினார்.

"உங்களை நம்பாம இல்லம்மா. ஆனா ஒரே சாட்சி. அதுவும் அறுபது வருஷத்துக்கு முன்னால."

"நாங்க நாலு பேர். ரெண்டு பேர் போயாச்சு. அண்ணன் ஃபுளோரிடாவுல இருக்கான்" என்றார் மகள். "அம்மாவை இல்லத்துல விட்டதிலேருந்து அவன் என்கூடப் பேசறதில்ல."

மகளே மேசையில் இருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். ஏணி வண்டிக்காரர் அதில் எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமுக்கிக் கொடுத்தார். "அவர்கிட்ட என்னன்னு விளக்கம் சொல்லாதீங்க. சொன்னா சாட்சி செல்லாது" என்றார் நீதிபதி.

மணி அடித்தது. ஓர் ஆண் குரல், கரகரப்பாக, "யாரு?" என்றது. பின்னால் டிவியில் பேஸ்பால் ஆட்டம்.

மகள் தன் பெயரைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மாடி ஜன்னலில் நிற்பது போல நிமிர்ந்தார். "த்யுக்... த்யுக் த்யுக் த்யுக்."

மறுமுனையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"வரேன்மா" என்றது அந்தக் குரல். கரகரப்பு இல்லை. "தங்கச்சியையும் கூட்டிட்டு வரேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு சாட்சி. எழுதுங்க" என்றார்.

அண்ணன் அந்த வாரமே விமானம் ஏறி வந்தார். நான்தான் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்தேன். வழியெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். கிழவி இலையுதிர் காலம் வரைக்கும் இருந்தாள். டாக்டரின் வருடம் முடிந்து அவர் திரும்பிப் போனார். அதற்குப் பின் எனக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கலிஃபோர்னியாப் பக்கம் கிளம்பி, அங்கே விரிகுடாப் பகுதியில் ஒரு குடோனில் பெட்டி அடுக்கப் போனேன்.

அந்த வருட மலரை ஏணி வண்டிக்காரர் எனக்கு அங்கே அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைசிப் பக்கங்களில் ஒன்றில் அது இருந்தது, நான்கே வரி. த்யுக்: ஒன்று, கோழிகளைத் தீனிக்கு அழைக்கும் ஒலி. இரண்டு, பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கும் ஒலி, நியூஜெர்சி, ஒரே குடும்பம், சாட்சிகள் இருவர். அதன் கீழே, வேறு குடும்பங்களில் உண்டா என்பது தெரியாது என்றும் அச்சடித்திருந்தார்கள்.